பலகைத் தரைக்கு அடியில் ஒரு மாதம்

மார்கழி பிறந்துவிட்டால் எங்கள் வீட்டு முன்னறையில் வெறுங்காலோடு யாரும் நடக்க மாட்டோம். நுவரெலியாவிலிருந்து கந்தப்பளை போகும் பக்கம், சரிவில் நிற்கும் பழைய வீடு அது. ஒன்றரை அடித் தடிப்பில் கருங்கல் சுவர், தகரக் கூரை, மூலையில் கணப்பு. முன்னறைக்கும் அதை ஒட்டிய படுக்கையறைக்கும் பலகைத் தரை, மற்ற இடமெல்லாம் சீமெந்து. சரிவில் கட்டியதால் பலகைக்கு அடியில் வெற்றிடம் இருக்கிறது. மேட்டுப் பக்கம் இரண்டரை அடிதான். தவழ்ந்துதான் போக வேண்டும். பள்ளத்துப் பக்கம் குனிந்து நிற்கலாம். அதை நாங்கள் கீழறை என்போம். விறகும் விதைக் கிழங்கும் பழைய தகரமும் அங்கேதான் கிடக்கும்.

அப்பாயிக்கு 81 வயது. விடியற்காலையில் எழுந்து முன்னறையில் உட்கார்ந்து விளக்கேற்றுவார். தரையில் இரண்டு உரச்சாக்கு, அதன்மேல் கம்பளி, அதன்மேல் அவர். "கால் மரத்துப் போகுதுய்யா" என்று தினமும் சொல்வார். சென்ற ஜனவரியில் ஒருநாள் எழுந்திருக்க முடியாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். நான் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டேன். அவர் பாதத்தைத் தொட்டுப் பார்த்தேன், கல்லைத் தொட்டது போல இருந்தது. இந்தத் தரையை இனியும் இப்படியே விடக்கூடாது என்று அன்றைக்குத்தான் முடிவெடுத்தேன்.

நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரம். டிசம்பர் கடைசியிலிருந்து பெப்ரவரி வரை, மேகமும் காற்றும் இல்லாத இரவுகளில் நிலம் தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடும். குளிர்ந்த காற்றுக்குப் பாரம் அதிகம், தண்ணீர் மாதிரி சரிவில் வழிந்து பள்ளத்தில் தங்கும். துகள் பனி, அதாவது இலையில் வெள்ளையாக உறையும் பனி, விழுந்த காலையில் தேயிலை மலையைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். மேட்டுக் கொழுந்து பச்சையாகவே நிற்கும், பள்ளத்துக் கொழுந்து கருகிப் போயிருக்கும். எங்கள் வீடு அப்படியொரு பள்ளத்தின் வாயில் இருக்கிறது. சுவரில் தரைக்குக் கீழே ஆறு இரும்புச் சல்லடைகள் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். வழிந்து வரும் குளிர்காற்று நேராக அதற்குள் நுழைந்துவிடும்.

முதலில் அளந்து பார்த்தேன். வெப்பமும் ஈரப்பதனும் காட்டும் சின்னக் கருவிகள் இரண்டு வாங்கி, ஒன்றைக் கீழறையில் தொங்கவிட்டேன், மற்றதை முன்னறையில் வைத்தேன். தரையின் சூட்டைப் பார்க்கக் கண்ணாடிக் கடையில் வேலை செய்யும் நண்பரிடமிருந்து தூரத்திலிருந்தே வெப்பம் காட்டும் துப்பாக்கி ஒன்றை இரவல் வாங்கினேன். துகள் பனி விழுந்த ஒரு விடியலில் வெளியே 4 பாகை, கீழறையில் 9, முன்னறையில் நெஞ்சு உயரத்தில் 14.5, பலகையின் மேல் 12. பலகை இடுக்குகளில் மட்டும் 10.

இடுக்கில் ஏன் அவ்வளவு குறைவு என்று பார்க்க ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தித் தரையோடு பிடித்தேன். புகை மேலே போகாமல் சட்டென்று பக்கவாட்டில் வளைந்து ஓடியது. இரண்டு பலகைக்கு நடுவே கீழிருந்து காற்று ஏறுகிறது. வயதான மரம் காய்ந்து சுருங்கியதில் சில இடுக்கில் பத்து ரூபாய்க் காசை நட்டு வைக்கலாம் போலிருந்தது. அறை முழுக்க அப்படிச் சுற்றி, காற்று வரும் இடத்திலெல்லாம் சோக்கால் கோடு போட்டேன். முடித்து எழுந்து பார்த்தபோது தரை முழுக்க வெள்ளைக் கோடுகள். பலகை தன் வழியே சூட்டைக் கடத்துவது பாதிக் கதைதான், மீதிப் பாதி இந்த இடுக்குகள்.

சரி, சல்லடைகளை அடைத்துவிட்டால் முடிந்தது என்று யாருக்கும் தோன்றும். அப்பாவுக்கும் அப்படித்தான் தோன்றியது. ஒவ்வொரு மார்கழிக்கும் அப்பாயிக்காக அந்த ஆறு ஓட்டையிலும் சாக்கைத் திணிப்பார். பங்குனியில் எடுப்பார், சில வருடம் எடுக்காமலும் விட்டிருக்கிறார். தாய்மேல் உள்ள பாசத்தில் செய்தது அது, குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அதன் விளைவை நான் கீழே இறங்கித்தான் பார்த்தேன்.

கீழறையை ஒழிக்கவே இரண்டு நாள் போனது. விறகையெல்லாம் வெளியே கொட்டகைக்கு மாற்றினோம். பிறகு டோர்ச் லைட்டும் ஒரு பழைய ஸ்க்ரூ டிரைவரும் எடுத்துக்கொண்டு, பலகையைத் தாங்கும் குறுக்குக் கட்டைகளை ஒவ்வொன்றாகக் குத்திப் பார்த்தேன். 6 அங்குலத்துக்கு 2 அங்குலக் கட்டைகள், நடுவுக்கு நடு 16 அங்குல இடைவெளி. நடுப் பகுதியில் ஸ்க்ரூ டிரைவர் இறங்கவே இல்லை, இரும்பைக் குத்துவது போல டக்கென்று நின்றது. பள்ளத்துப் பக்கச் சுவருக்குள் நுழையும் நுனியில் இரண்டு கட்டைகளில் மட்டும் மூன்று அங்குலம் உள்ளே போனது. வெளியே இழுத்தபோது பழுப்பு நிறத்தில், சதுரம் சதுரமாக வெடித்த மரத்தூள் அதனோடு வந்தது. ஊறிய பாண் துண்டைப் பிய்ப்பது போல விரலாலேயே பிய்க்க முடிந்தது. பழைய மண் வாசனை.

மரத்துக்குள் ஈரம் நூற்றுக்கு இருபதைத் தாண்டி அப்படியே நின்றால் உளுக்க வைக்கும் பூஞ்சணத்துக்கு அது போதும். அந்த ஈரம் எங்கிருந்து வந்தது? கூரைப் பீலியின் இறக்கக் குழாய் சரியாக அந்த மூலையில்தான் கொட்டுகிறது. தண்ணீர் சுவரடியில் தேங்கிக் கல்லுக்குள் ஊறுகிறது. கீழறையின் வெறும் மண் தரையிலிருந்தும் ஈரம் ஓயாமல் ஆவியாக எழும்புகிறது. அது வெளியே போக இருந்த ஆறு வழியிலும் நாங்களே சாக்கை அடைத்திருக்கிறோம்.

அப்பாவின் பழைய சிநேகிதர் ஒருவரின் மகன் தச்சு வேலை செய்கிறார், எல்லோருக்கும் அவர் பாஸ் அண்ணன். அவரைக் கூட்டிவந்து காட்டினேன். குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, குளிருக்குப் பயந்து ஓட்டைய அடைச்சா கட்டை அவிஞ்சு போயிரும். குளிர பலகையில மறிக்கணும், சுவர்ல மறிக்கக் கூடாது." இந்த வேலையில் நான் கற்றதெல்லாம் அந்த ஒரு பேச்சுக்குள் இருக்கிறது. கீழறை குளிராகவே இருக்கட்டும், காற்று ஓடட்டும். பலகையின் அடிவயிற்றில்தான் போர்வை போர்த்த வேண்டும்.

ஆகவே போர்வையை விட்டுவிட்டு முதலில் தண்ணீரைப் பார்த்தோம். இறக்கக் குழாயோடு இன்னொரு துண்டு சேர்த்து, வாய்க்கால் வெட்டி, மழைநீரை லீக்ஸ் பாத்திப் பக்கம் திருப்பினோம். அவிந்த நுனிகளை நல்ல மரம் வரும்வரை அறுத்து எடுத்தார் பாஸ் அண்ணன். ஒவ்வொன்றின் பக்கத்திலும் நாலரை அடி நீளத்தில் புதிய கருப்பந்தேயிலை (யூகலிப்டஸ்) மரக் கட்டையை ஒட்டி வைத்து, போல்ட் போட்டு இறுக்கினார். நுனி கல்லைத் தொடாமல் இருக்கக் கீழே தார்த்தாள் வைத்து, மூன்று பக்கமும் விரல் போகும் இடைவெளி விட்டார். அந்த இடைவெளியைச் சீமெந்தால் பூசிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

அப்புறம் மண்ணை மூடினோம். 1000 கேஜ் கறுப்புப் பொலித்தீன், அதாவது கால் மில்லிமீற்றர் தடிப்பு. விரிப்புக்கு விரிப்பு ஓரடி ஏறி நிற்கும்படி போட்டு, சுவரோரம் ஆறு அங்குலம் மேலே மடித்து, உடைந்த செங்கல்லைப் பாரமாக வைத்தோம். மேட்டுப் பக்கத்தில் வயிற்றால் ஊர்ந்துதான் விரிக்க வேண்டியிருந்தது. ஒரு நாள் வேலை, பெரிய செலவும் கிடையாது. ஒரு வாரம் கழித்து ஓர் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன், அடிப்பக்கம் முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர். இவ்வளவு நாளும் இது மேலே ஏறி மரத்துக்குத்தான் போயிருக்கிறது. கீழறையின் ஈரப்பதன் 90க்கு மேல் நின்றது அந்த வாரத்தில் 80க்கு இறங்கியது. பழைய வீட்டில் இருக்கிறவர்கள் வேறொன்றும் செய்ய வசதியில்லாவிட்டாலும் இந்தப் பொலித்தீனை மட்டுமாவது விரித்துவிடுங்கள்.

பலகை இடுக்குகளை மேலிருந்து அடைத்தோம். நான் மரத்தூளையும் வெள்ளைப் பசையையும் குழைத்து அடைக்க நினைத்திருந்தேன், பாஸ் அண்ணன் தடுத்துவிட்டார். மாசியில் மரம் காய்ந்து இடுக்கு விரிந்திருக்கும், ஆனி ஆடி மழையில் அதே பலகை ஈரம் குடித்துப் பருக்கும். இடுக்கில் கெட்டியாக எதையாவது அடைத்துவிட்டால் பருக்க இடமில்லாமல் பலகை வளைந்து எழும்பிவிடும். அதனால் சணல் கயிறு. இடுக்கின் அளவுக்கு ஏற்ற தடிப்பில் முறுக்கி, மழுங்கிய உளியால் மெல்லத் தட்டி உள்ளே இறக்க வேண்டும். மரம் பருத்தால் கயிறு நசுங்கிக் கொடுக்கும், சுருங்கினால் திரும்ப நிறையும். அம்மாவும் நானும் நான்கு மாலைகள் தரையில் மண்டியிட்டுத் தட்டினோம். அப்பாயி பக்கத்தில் உட்கார்ந்து கயிறு முறுக்கிக் கொடுத்தார். ஐந்தாம் நாள் ஊதுபத்தியைக் கொளுத்திப் பார்த்தபோது, சுவரோரம் இரண்டு இடம் தவிர மற்ற எல்லா இடத்திலும் புகை நேராக ஏறியது.

இனி போர்வை. கண்ணாடிப் பஞ்சு விரிப்பு நகரக் கடையில் கிடைத்தது, ஆனால் எப்போதும் ஈரக்காற்று ஓடும் கீழறையில் அது நனைந்து பாரமாகித் தொங்கிவிடும் என்று விட்டுவிட்டேன். தும்புத்தூளைச் சாக்கில் நிரப்பிக் கட்டலாம் என்று ஒருவர் சொன்னார். அது தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும் பொருள், மரத்தோடு ஒட்டி வைக்க எனக்கு மனம் வரவில்லை. நுரையைப் பீய்ச்சி அடிக்கும் முறையும் உண்டு. அடித்துவிட்டால் பிறகு கட்டையைக் கண்ணால் பார்க்கவே முடியாது, அவிவது தெரியாமலே அவிந்துவிடும். கழற்றிப் பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்பதில் பிடிவாதமாக நின்றேன். கடைசியில் ரெஜிபோம் தகடு, தெர்மோகோல் என்று சொல்லும் அதே வெள்ளை நுரைத் தகடு. எட்டடிக்கு நான்கடி, 2 அங்குலத் தடிப்பு, கையால் அழுத்தினால் குழி விழாத கெட்டி ரகம். இந்த 2 அங்குலம் மறிக்கிற சூட்டை மரத்தால் மறிக்க வேண்டுமானால் ஏழு அங்குலத்துக்குக் குறையாத பலகை வேண்டும். இரண்டு அறையும் சேர்த்து 288 சதுர அடி, கட்டைகள் அடைக்கும் இடம் போக ஒன்பது தகடு வாங்கினோம்.

ரெஜிபோமைப் பொருத்துவதற்கு முன் கீழே ஓடும் மின்வயர்களை மாற்ற வேண்டியிருந்தது. இதை நிறையப் பேர் கவனிப்பதில்லை. வயரின் மேலுறை பீவீசி. அது ரெஜிபோமோடு ஒட்டிக் கிடந்தால், உறையை மிருதுவாக வைத்திருக்கும் எண்ணெய் போன்ற பொருள் கொஞ்சம் கொஞ்சமாக ரெஜிபோமுக்குள் இறங்கிவிடும். வருடக்கணக்கில் உறை காய்ந்து வெடிக்கத் தொடங்கும், தொட்ட இடத்தில் ரெஜிபோமும் கரையும். எரியக்கூடிய தகட்டுக்குப் பக்கத்தில் வெடித்த வயர் என்றால் அது எவ்வளவு ஆபத்து என்று சொல்ல வேண்டியதில்லை. தெரிந்த மின்வேலைக்காரர் வந்து, வயரையெல்லாம் குழாய்க்குள் போட்டு, கட்டைகளின் கீழ் விளிம்பில் தகட்டைத் தொடாமல் ஓட்டிக் கொடுத்தார்.

கணப்பின் அடிப்பகுதி கல்லால் ஆனது, தீப்பிடிக்கும் என்ற பயத்தில் அதைச் சுற்றி ஒன்றரை அடிக்கு ஒரு துண்டு ரெஜிபோமும் வைக்கவில்லை. அந்த இடம் குளிராகத்தான் இருக்கும், இருக்கட்டும். விறகை வெளியே மாற்றியதும் இதே காரணத்தால்தான். மண்ணெண்ணெய் விளக்கோடு கீழறைக்குள் யாரும் போகக்கூடாது என்று வீட்டில் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன்.

தகட்டை வெட்டுவதுதான் பொறுமையைச் சோதித்தது. கட்டைகளுக்கு நடுவே 14 அங்குலம் என்பது கணக்கு. உண்மையில் ஒரு முனையில் 13 முக்கால், மறுமுனையில் 14 கால். ஒவ்வொரு பெட்டியையும் மூன்று இடத்தில் அளந்து, சுவரில் கரிக்கட்டையால் எண் போட்டு, தகட்டிலும் அதே எண்ணைப் போட்டேன். இரும்பு அறுக்கும் வாளின் தனி அலகு நன்றாக வெட்டியது. அறுக்க அறுக்க வெள்ளை மணிகள் உதிர்ந்து கையிலும் தலைமுடியிலும் ஒட்டிக்கொள்ளும், காற்று அடித்தால் பறந்து தோட்டத்துக்கும் அருவிக்கும் போய்விடும். ரெஜிபோம் மக்காது. இலங்கையில் 2017இல் ரெஜிபோம் சாப்பாட்டுப் பெட்டியைத் தடை செய்ததும் அதனால்தான். வீட்டுக்கு நல்லது செய்கிறேன் என்று ஓடையைக் கெடுக்கக்கூடாது. கதவைச் சாத்திக்கொண்டு பெட்ஷீட் விரித்து அதன்மேல் வெட்டினேன், உதிர்ந்ததையெல்லாம் ஒரு உரச்சாக்கில் கட்டி வைத்திருக்கிறேன்.

ஒட்டுவதில் ஒரு தவறு நடந்தது. வீட்டில் இருந்த சப்பாத்து ஒட்டும் பசையை முதல் தகட்டில் தடவிப் பலகையோடு அழுத்திப் பிடித்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, கைக்குள் தகடு குழைவது தெரிந்தது. இறக்கிப் பார்த்தால் பசை தடவிய இடமெல்லாம் குழி குழியாக, சூடான மெழுகு போல ஓடியிருக்கிறது. அந்த மாதிரிப் பசையில் இருக்கும் கரைப்பான் ரெஜிபோமைக் கரைத்துவிடும். கடையில் கேட்டால் ரெஜிபோமுக்கென்றே கரைப்பான் இல்லாத பசை தருவார்கள். ஒரு தகட்டின் கால் பங்கு வீணானது. அதன் பிறகு பசையே வேண்டாம் என்று விட்டு, தகட்டைக் கையால் அழுத்தி ஏற்றி, கீழே குறுக்காக ரீப்பர் சட்டத்தை ஸ்க்ரூ போட்டு நிறுத்தினோம். கழற்றிப் பார்க்கவும் அதுதான் வசதி.

ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். தகடு பலகையின் அடியோடு ஒட்டி நிற்க வேண்டும். நடுவில் அரை அங்குலம் வெற்றிடம் விட்டு, ஓரமும் திறந்திருந்தால் குளிர்காற்று அந்த வழியாக ஓடும், போர்வைக்கும் உடம்புக்கும் நடுவே காற்று புகுந்தது போல. முதல் அறையில் நான்கு பெட்டிகளில் ரீப்பரைச் சரியாக இறுக்கவில்லை. மேலே துப்பாக்கியால் பார்த்தபோது அந்த இடம் மட்டும் ஒரு பாகை குறைவாகக் காட்டியது. மறுபடி இறங்கி ஆப்பு அடித்து ஏற்றினோம். கட்டைக்கும் தகட்டுக்கும் நடுவே மிஞ்சிய சின்னச் சின்ன இடைவெளிகளில் ரெஜிபோமுக்கு ஏற்ற பசையை நிரப்பினோம்.

எல்லாவற்றுக்கும் கீழே நெருக்கமான கம்பி வலை அடித்தோம், எலிக்காக. எலி ரெஜிபோமைத் தின்னாது, ஆனால் கடித்துக் குடைந்து கூடு கட்டும். விதைக் கிழங்கு இருக்கிற இடத்தில் எலி வராமல் இருக்காது.

ஆறு சல்லடையையும் கம்பித் தூரிகையால் தேய்த்துச் சுத்தம் செய்து, திறந்தபடியே விட்டோம். அப்பா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கடைசிச் சாக்கை அவரே இழுத்து எடுத்தார்.

வேலை முடிந்தது பங்குனியில், எனவே பலனைப் பார்க்க அடுத்த குளிர் வரை காத்திருந்தேன். இடையில் தென்மேல் பருவமழை வந்தது. எனக்குப் பயம் அந்த மாதங்களில்தான். ஆனியிலும் ஆடியிலும் இருமுறை இறங்கி, மரத்தில் ஊசி குத்தி ஈரம் பார்க்கும் கருவியால் பன்னிரண்டு இடங்களில் பார்த்தேன். அதிகபட்சம் 17. ஒட்டுப்போட்ட இரண்டு கட்டைகளும் உலர்ந்தே இருந்தன. மேலே ஒரு பலகையும் எழும்பவில்லை, சணல் கயிறு சில இடத்தில் நசுங்கி ஒரு மயிரிழை மேலே வந்திருந்தது, அவ்வளவுதான். வலையின் ஒரு மூலையை எலி இழுத்திருந்தது, அதைத் திரும்ப அடித்தேன்.

இந்த ஜனவரியில் துகள் பனி விழுந்த ஒரு காலையில், வெளியே அதே 4 பாகை. கீழறையில் 8. போன வருடத்தைவிட ஒரு பாகை குறைவு, வீட்டுச் சூடு இனி அங்கே ஒழுகவில்லை. முன்னறையில் 15, பலகையின் மேல் 14. கணப்பு மூட்டிய இரவுகளில் விடியும்வரை சூடு நிற்கிறது, முன்பு பத்து மணிக்கே ஓடிவிடும். கட்டைகள் ஓடும் வரிசையில் மட்டும் தரை அரைப் பாகை குறைவாகக் காட்டுகிறது. மரம் ரெஜிபோமைவிடச் சூட்டைக் கடத்தும், அதற்கு ஒன்றும் செய்வதற்கில்லை. கீழறை குளிர்ந்ததில் விதைக் கிழங்கு முளைவிடுவதும் கொஞ்சம் பிந்தியிருக்கிறது. அது எங்களுக்கு வசதி.

அப்பாயி தரையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. தைப்பொங்கலுக்கு முன்னால் அந்த இரண்டு உரச்சாக்கில் ஒன்றை எடுத்து உதறி ஆட்டுப் பட்டியில் போடச் சொல்லிக் கொடுத்தார். மற்றதை இன்னும் மடித்துச் சுவரோரம் வைத்திருக்கிறார்.

சுவரோரம் புகை வளைந்த அந்த இரண்டு இடம் இன்னும் பாக்கி. அங்கே பலகை கல்லைத் தொடாமல் நிற்கிறது, கல்லோ நேராக இல்லை, கயிறு நிற்க மாட்டேன் என்கிறது. பாஸ் அண்ணன் ஒரு மரச்சட்டம் செதுக்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அதற்கு முன் பீலியைப் பார்க்க வேண்டும். போன மழையில் பள்ளத்துப் பக்க மூலையில் ஒரு துளி சொட்டுவதைக் கண்டேன், சரியாக அந்தப் பழைய இடத்துக்கு மேலே.